ஓடு போட்ட நாள் வரைக்கும்

தலையில் அடிபட்டு ஞாபகம் போனவளைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பை தோடம்பழமும் ஒரு சினிமாப் படக்கதையும் கொண்டுவருவார்கள். கதாநாயகன் மலையிலிருந்து விழுவான். பெயர், ஊர், பெண்சாதி எல்லாம் மறந்துபோகும். கடைசியில் யாராவது பழைய பாட்டைப் பாடுவார்கள், இல்லாவிட்டால் வில்லன் அதே இடத்தில் இன்னொரு தரம் போடுவான். உடனே போன கரண்ட் வந்த மாதிரி எல்லாம் திரும்பிவிடும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருத்தி உண்மையாகவே ஆஸ்பத்திரி வாட்டுக்குள் நின்று பாடிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி திடுக்கிட்டு எழும்பியதுதான் மிச்சம். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆகவே இதை எழுதுகிறேன். இனி யார் வீட்டிலாவது இப்படி நடந்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கட்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் இரண்டு கிழமைகளை அம்மாவும் மற்றவர்களும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் நான் கண்ணைத் திறந்து கதைத்துக்கொண்டுதான் இருந்தேனாம். எனக்கு அதில் ஒரு நிமிடம்கூட இல்லை.

எனக்கு இருபத்தொன்பது வயது. பெயர் சுபா. டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரு பின்னேரம், வேலை விட்டு ஸ்கூட்டியில் கல்லடி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நடுறோட்டில் கட்டாக்காலி மாடு ஒன்று படுத்திருந்தது. அதை விலத்தப் போய் விழுந்தேன். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, ஆனால் வார் பூட்டவில்லை. நான் ஒரு பக்கம் போக, ஹெல்மெட் ஒரு பக்கம் போயிற்று. மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று அண்ணன் பிறகு விசாரித்து வந்து சொன்னான்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் கட்டியிருந்தது. அது மூளையை நெருக்கும். விட்டால் ஆள் தப்பாது. மண்டையோட்டில் ஒரு சின்னத் துண்டைத் திறந்து, கட்டிய இரத்தத்தை எடுத்து, துண்டைத் திரும்ப வைத்து மூடினார்கள். ஒப்பரேஷனுக்கு முன்னால் காது, மூக்கு, கழுத்தில் கிடந்ததெல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றி என் புருஷன் கையில் கொடுத்தார்கள். அவர் அதைச் சேட் பொக்கெட்டுக்குள் வைத்தார்.

என் புருஷனின் பெயர் தயாளன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் எலெக்ட்ரீஷியன். எங்களுக்குக் கலியாணமாகி நாலு வருடம். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் நான் கண் திறந்தேன். அம்மாவைப் பார்த்து “அம்மா” என்றேன். அம்மா தேற்றாத்தீவுப் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்திக்கடனை அந்த இடத்திலேயே இரண்டாக்கினாள். பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குத் தயா ஓடி வந்திருக்கிறார். நான் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டேனாம்:

“இவரு ஆரும்மா?”

 தலையில் கட்டோடு கிடக்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? அம்மா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“அண்ணன்ட கூட்டாளி, மகள்.”

அது முழுப் பொய்யில்லை. அண்ணனும் அவரும் ஒரே ஹோட்டலில் வேலை செய்தவர்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்னதுதான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை.

“வாங்க அண்ணா. இருங்க.”

ஸ்டூலில் இருந்தாராம். “எப்படி சுகம்?” என்று கேட்டாராம். மணி அடிக்கும் வரைக்கும் இருந்துவிட்டுப் போனாராம். “வெளியில போய் அழுதீங்களா?” என்று பிறகொரு நாள் கேட்டேன். “பிளேன்ரீ குடிச்சன்” என்றார். அண்ணனிடம் கேட்டால் வேறு கதை சொல்கிறான்.

அந்த நாட்களில் நான் கேட்டதையே கேட்பேனாம். நான் எங்கே இருக்கிறேன், எனக்கு என்ன நடந்தது. அம்மா சொல்வாள். நான் “ஆ” என்பேன். அஞ்சு நிமிடத்தில் திரும்பவும் கேட்பேன். நாலாம் நாள் அம்மா ஒரு கடதாசிப் பெட்டியைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டில் காலடியில் கட்டிவிட்டாள். “ஸ்கூட்டியில விழுந்திட்டாய். பெரியாஸ்பத்திரியில இருக்கிறாய். அம்மா பக்கத்திலதான் இருக்கிறன்.” அந்த அட்டை இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. மூன்றாவது வசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

அம்மாவுக்கு லேடி டொக்டர் விளங்கப்படுத்தியதை இங்கே சொல்கிறேன். தலையில் பலமாக அடிபட்டால் கொஞ்ச நாளைக்கு மூளை புதிதாக எதையும் பதியாது. ஆள் கதைக்கும், சிரிக்கும், ஒன்றும் உள்ளே தங்காது. அது மெல்ல மெல்லச் சரியாகும். இன்னொன்று, அடிபடுவதற்கு முன்னால் நடந்ததிலும் ஒரு பகுதி காணாமல் போகும். அதில் பழைய ஞாபகங்கள் இறுகிப் போனவை, முதலில் திரும்பும். புதியவை கடைசியாகத்தான் வரும். வராமலும் போகலாம். சொந்தப் பெயரை மறப்பது படத்தில்தான் அதிகம். இன்னொரு அடி விழுந்தால் ஞாபகம் வருமா என்று பெரியம்மா கேட்டதற்கு, டொக்டர் சிரிக்காமல், “இன்னொரு ஒப்பரேஷன்தான் வரும்” என்றா.

“நெருக்கிக் கேக்காதீங்க. மெல்ல மெல்லச் சொல்லுங்க” என்றும் டொக்டர் சொல்லியிருக்கிறா. அம்மா அதில் “சொல்லாதீங்க” என்பதை மட்டும் எங்கிருந்தோ எடுத்துக்கொண்டாள்.

அப்படித்தான் என் ஞாபகம் தொடக்கத்திலிருந்து வரத் தொடங்கியது. இரண்டாம் கிழமை முடிவில், என் நினைப்பில் நான் பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதினையான ஏ.எல். எழுதிக்கொண்டிருந்தேன். டைம்டேபிள் எங்கே என்று அம்மாவைப் போட்டு உலுப்பினேனாம். தயா பார்வையாளர் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தியே வந்து, வாட்டு வாசலில் அம்மாவை மறிப்பார்.

“மாமி, இண்டைக்கு எங்க நிக்கா?”

“இன்னும் சோதினையிலதான் மகன்.”

இரண்டு நாள் கழித்து, “சோதினை பாஸ். கடையில வேலைக்குச் சேந்திட்டா.” இன்னும் இரண்டு நாளில், “வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாச்சு.” பஸ் எங்கே வருகிறது என்று கேட்பது மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், தங்கள் தரிப்புக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கையில்.

இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். ஆண் பிள்ளைகள் உழைத்து அக்கா தங்கைக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் இன்னொருத்தி வீட்டுக்குப் போவார்கள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன்தான் எனக்கு வீடு கட்டினான், வருடக் கணக்காக, கையில் காசு வரும்போதெல்லாம் நாலு வரிக் கல் வைத்து. “வீடு எப்ப பூசுறது?” என்று பக்கத்து வீட்டார் கேட்டால், “உனக்கு எப்ப கலியாணம்?” என்று கேட்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மாப்பிள்ளை சரிவரும் வரைக்கும் யாரும் சுவர் பூசமாட்டார்கள்.

மூன்றாம் கிழமை எனக்கு வீட்டுக்கு ஓடு போட்ட நாள் ஞாபகம் வந்தது. அண்ணன் கூரைக்கு மேல் நிற்கிறான். கீழே நான் ஓட்டை எடுத்து எடுத்துக் கொடுக்கிறேன். சுவரெல்லாம் பூசாத செங்கல். கரண்ட் இன்னும் இழுக்கவில்லை. அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. ஓடு போட்டு அடுத்த கிழமைதான் அந்த வீட்டுக்கு வயரிங் செய்ய அண்ணன் தன் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்தானாம். இன்னும் ஒரேயொரு கிழமை நான் நகர்ந்தால் போதும்.

நான் நகரவில்லை.

“மாமி?”

“ஓட்டிலதான் மகன் நிக்கா.”

அடுத்த நாளும் ஓட்டில். அதற்கடுத்த நாளும் ஓட்டில். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கடைசி இரண்டு கிழமைகள் என்னுடையவை. நானே பார்த்தது, நானே கேட்டது. பின்னேரம் நாலு மணிக்கு அண்ணனின் கூட்டாளி வருவார். பாசிக்குடாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து முகம் கழுவிவிட்டு உள்ளே வருவார் போல, தலைமுடி நனைந்திருக்கும். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, சீனி போடாமல். தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில் சக்கரை, ஒரு கடிக்கு அளவாக உடைத்த துண்டுகள். எனக்கு அப்படிக் குடிக்கத்தான் பிடிக்கும். அண்ணனுக்குக்கூட அது தெரியாது. தலைக்கட்டுக்குக் கீழே அரித்தால் நான் சொறியப் போவேன். அவர் கடதாசி மட்டையால் விசிறுவார். கால்மாட்டில்தான் நிற்பார், ஒருநாளும் கட்டிலில் இருக்கமாட்டார். தொட்டதும் இல்லை. நல்ல மனிசன் என்று நினைத்தேன். கூட்டாளியின் தங்கைக்கு இவ்வளவு செய்கிறாரே என்று யோசித்து, இவருக்குக் கலியாணம் ஆகியிருக்குமா என்றும் ஒருநாள் யோசித்தேன். யோசித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர் முஸ்லிம் அக்கா ஒருத்தி, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையில் ஏழு தையல். பெரியம்மாவின் பாட்டுக்குத் திடுக்கிட்டவள் இவள்தான். ஒருநாள் அவர் போன பிறகு ராத்தா என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

“மகள், அந்தத் தம்பி ஒன்னப் பாக்கிற பார்வ கூட்டாளிட தங்கச்சியப் பாக்கிற பார்வ இல்ல. அல்லாஹ் அறிவான், எனக்கு வேற ஒண்டும் தெரியா.”

அவளுக்கு எல்லாம் தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன். வாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நேர்ஸ் மிஸ்மார், கூட்டுகிற அம்மா உட்பட. தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அண்ணனுக்குக் கலியாணமாகி ஒரு வருடமானதையும் மறைத்துவிட்டார்கள். பொழுது பட்டதும் “நைட் வேலைக்குப் போறன்” என்று சொல்லிவிட்டுப் பெண்சாதி வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான், படுபாவி.

ஐந்தாம் கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னா. அன்றைக்கு அம்மா, அண்ணன், தயா மூன்று பேரும் வெளியில் நின்று ஒரு முடிவு எடுத்தார்கள். முடிவு எடுத்தவர் தயாதான்.

“தெரியாத ஆம்பிளையோட ஒரு வீட்டில இருக்கச் சொன்னா பயந்திருவா மாமி. நான் கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்ட போய் நிக்கிறன்.”

சித்தாண்டியில் அவர் பிறந்து வளர்ந்த வீடு அக்காவின் சீதனமாகிவிட்டது. அங்கே அவர் விருந்தாளி. அவருக்கென்று உலகத்தில் இருக்கிற வீடு என் வீடு ஒன்றுதான். அதிலிருந்து தன் சேட்டுகளையும் சாரன்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, நான் வருவதற்கு முதல் நாளே போய்விட்டார். எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டதற்குத் தெரியாது என்றாராம். ஞாபகம் வராவிட்டால், நான் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவர் அப்படியே வெளியில்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் பையைக் கட்டினார்.

அண்ணன் கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினான். அம்மா ஆண் செருப்பு, சவர பிளேட் எல்லாவற்றையும் ஒளித்தாள். ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டு என்னை ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் வீட்டை எங்கே ஒளிப்பது?

ஓட்டோ நின்றதும் பார்த்தேன். சுவர் பூசியிருந்தது. பூசி, இளம் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்குப் பின்னால் திரைச்சீலை. இது யாருடைய வீடு என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு முதலில் தோன்றியது, ‘அப்ப நான் யாரையோ கட்டியிருக்கிறேன்’ என்பதுதான். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதுதான் தோன்றும். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா திடீரென்று செம்பரத்தை மரத்தில் பூ ஆய வேண்டியவளாகிவிட்டாள்.

உள்ளே போனேன். ஐந்து கிழமையாகச் சரியாகத் திறக்காத வீடு, முன்னறை மம்மலாக, அரையிருட்டாக இருந்தது. நான் பார்க்காமலே என் கை சுவருக்குப் போயிற்று, சுவிச்சைப் போட்டது. வெளிச்சம் வந்தது. அப்போதுதான் பயந்துபோனேன். கரண்ட் இழுத்ததே ஞாபகமில்லாத வீட்டில் என் கைக்கு சுவிச் எங்கே என்று தெரிந்திருக்கிறது. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கும், அது சுலபத்தில் போகாது என்று டொக்டர் பிறகு கிளினிக்கில் சொன்னா. இன்னொன்றையும் பார்த்தேன். மற்ற வீடுகளில் சுவிச் இருக்கிற உயரத்தில் இது இல்லை, ஒரு சாண் கீழே இருந்தது. நான் கட்டை. யாரோ என் உயரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

சுவரில் ஒரு ஆணி. அதைச் சுற்றிப் படமொன்று மாட்டியிருந்த அளவுக்குப் பெயின்ட் மங்காமல் இருந்தது.

ஜன்னலால் வெளியே பார்த்தேன். அண்ணனின் கூட்டாளி என் ஆஸ்பத்திரிச் சாமான் பையோடும் பிளாஸ்கோடும் கேற்றுக்கு வெளியே நின்றார். கூட்டாளி வீட்டுக்கு வருகிறவன் யோசிக்காமல் முற்றத்துக்கு வந்துவிடுவான். இந்த மனிசன் கேற்றில் கையை வைத்துவிட்டு எடுத்தார். இப்படித் தயங்க ஒருவருக்குத்தான் காரணம் இருக்க முடியும்.

காதல் பொங்கியது என்று எழுதினால் பொய். வெட்கமாக இருந்தது, “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டிருக்கிறேனே என்று. பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சக்கரைத் துண்டுகளை எனக்குத் தெரியும். நனைந்த தலைமுடியைத் தெரியும். இரண்டு கிழமையாக நாலு மணிக்கு நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் யோசிக்காமல் வாசலுக்குப் போனேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, முறை சொல்லாமலே கூப்பிட்டேன்.

“இஞ்ச ஒருக்கா வாங்க. இந்த பல்ப் விட்டு விட்டு எரியுது.”

பல்ப் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். சுவிச்சை நிற்பாட்டச் சொல்லிவிட்டு பல்ப்பைக் கழற்றிப் பார்த்தார், திரும்பப் பூட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிக்கிறார், கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன?”

“அண்டைக்கும் இதத்தான் சொன்னாய்.”

“எண்டைக்கு?”

“வயரிங் முடிஞ்ச அண்டைக்கு. பத்து நாள் வேலைய ரெண்டு மாசமா இழுத்தன். அதுக்கு மேல இழுக்க ஏலா, உன்ட அண்ணன் ஒரு மாதிரிப் பாக்கத் தொடங்கிற்றான். சாமானெல்லாம் கட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போய்ற்றன். நீ வாசல்ல நிண்டு கூப்பிட்டாய். பல்ப் விட்டு விட்டு எரியுதாம்.”

“எரிஞ்சதா?”

“அண்டைக்கும் நல்லாத்தான் எரிஞ்சது.”

இப்போது ஒரு வருடமாகிவிட்டது. தாலிக்கொடி கழுத்தில் இருக்கிறது, படம் ஆணியில் இருக்கிறது. அந்தப் படத்தில் நிற்கிற பெண்ணை எனக்குத் தெரியாது. கலியாண வீடியோவை நாலு தரம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. என் ஞாபகம் ஓடு போட்ட நாளோடு நிற்கிறது, இனி நகராது என்றுதான் டொக்டரும் சொல்கிறா. படம் பார்த்தவர்கள் யாராவது “எல்லாம் திரும்பிற்றா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்கிறேன். அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தப் பின்னேரம் மட்டும்தான், அது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

கதிரையால் இறங்கி நின்றார். அடுத்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான்தான் கேட்டேன்.

“உங்கட உடுப்பெல்லாம் எங்க?”

“சித்தாண்டியில. அக்கா வீட்ட.”

“நாளைக்குப் போய் எடுத்துக்கொண்டு வாங்க.”

“இப்பவே போறன்” என்றார். சொல்லி முடிய முதல் முற்றத்தில் இறங்கிவிட்டார். பிளாஸ்க் அவர் கையிலேயே இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறி, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினார்.

“இஞ்ச!” என்று கத்தினேன். “வாரப் பூட்டிற்றுப் போங்க.”